வலி நின்ற பல்

டிசம்பர் வந்துவிட்டால் மில்பிடாஸில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். கோடையில் வீட்டில் செய்த பற்பசை ஓடுகிறது என்று குறைப்பட்டவர்களே குளிர்காலத்தில் அது பிரஷ்ஷில் ஏற மாட்டேன் என்கிறது என்று முகம் சுளிப்பார்கள். அதனால் கிருபாராணி டிசம்பருக்கு மட்டும் சமையல் சோடாவைக் கொஞ்சம் குறைத்து, எண்ணெயில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக்கொள்வாள். பிறகு கிராம்புப் பொடி, பொடியுப்பு ஒரு சிட்டிகை, கடைசியில் புதினா எண்ணெய் நாலு சொட்டு. இதையெல்லாம் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிவிடலாம். அவளோ ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, மெல்லிய கத்தியால் தேய்த்துத் தேய்த்துக் குழைப்பாள். பல் மருத்துவக் கல்லூரியில் பல் அடைக்கும் சிமென்ட் குழைத்துப் பழகிய கை. வேறு விதமாக அதற்குத் தெரியாது.

அன்றைக்கு ஐந்து பாட்டில். அதில் ஒன்று மாடி வீட்டு துவாரகாவுக்கு. அவள் படியிறங்கி வரும் சத்தம் கேட்டபோதே கிருபாராணிக்கு உடம்பு அலுத்தது. துவாரகாமேல் கோபம் ஒன்றுமில்லை, நல்ல பெண். வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனாலும் அலுத்தது.

"அக்கா, கதவு திறந்து கிடக்குது."

"உனக்காகத்தான் திறந்து வச்சேன். வா. ஸ்லிப்பரைக் கழட்டாத, தரை ஐஸா இருக்கு."

துவாரகா யாழ்ப்பாணத்துப் பெண். கணவன் மயூரன் சான்டா கிளாராவில் வேலை பார்க்கிறான். வந்தவள் உட்காரவில்லை. சொல்ல வந்த சேதி அவளை உட்கார விடவில்லை.

"அவருக்குப் பல்லுக்குத்து எண்டு சொன்னனான் எல்லே? நிண்டுட்டுது அக்கா! சுத்தமா நிண்டுட்டுது. நீங்கள் சொன்ன மாதிரி கிராம்பு எண்ணெயைப் பஞ்சில தொட்டு வச்சம். உப்புத்தண்ணியில கொப்பளிச்சவர். நாலு நாளாக் கத்தின மனுசன், இண்டைக்கு ஆட்டிறைச்சி கேக்கிறார்."

"டென்டிஸ்ட்டப் பாக்கலையா?"

"நீங்கள்தானே டென்டிஸ்ட்!" துவாரகா சிரித்தாள். "ஜூலையில ஊருக்குப் போறம். அங்க பாத்துக்கொள்ளலாம் எண்டு சொல்லுறார். இஞ்ச ஆர் வாயைத் திறந்துகொண்டு படுக்கிறது?"

"சூடா ஏதாவது குடிச்சா எப்படி இருக்காம்?"

"ஒண்டுமில்லை. சூடும் தெரியேல்லை, குளிரும் தெரியேல்லை எண்டுறார். மற்றப் பல்லை விட இது நல்லாயிருக்காம்."

கத்தி கண்ணாடியில் நின்றது. சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு சிரித்த முகமாக வரும் நோயாளிகளைக் கிருபாராணி நாகர்கோவிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பல் குணமானால் குளிர் தெரியும், மற்றப் பற்களுக்குத் தெரிகிற மாதிரி. ஒன்றுமே தெரியாமல் போனால் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். வலிக்க ஆள் இல்லை, அதனால் வலிக்கவில்லை. சீழ் மட்டும் சத்தமில்லாமல் வேருக்குக் கீழே சேர்ந்துகொண்டிருக்கும்.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துவாரகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கட கைராசி அக்கா. எங்கட குரூப்பில போட்டுட்டன், டாக்டரக்கான்ர மருந்து எண்டு. இருபது பேர் கேட்டிருக்கினம்."

டாக்டரக்கா. அந்தச் சொல் தொண்டைக்குள் இளஞ்சூடாக இறங்கியது.

"கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம்னு சொல்லு" என்று மட்டும் சொன்னாள். பாட்டிலை மூடிக் கொடுத்தாள்.

துவாரகா போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்து நாக்கால் தன் வலது கீழ்க் கடைவாயைத் தொட்டுப் பார்த்தாள். எட்டு மாதமாக இது பழக்கமாகிவிட்டது. ஏப்ரலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்றது. ஜூனில் சூடான காப்பி பட்டால் வலித்தது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் அடங்கியது. ஜூலையில் மூன்று வாரம் உயிர் போனது. கிராம்பு எண்ணெய் வைத்தாள். வைத்து வைத்து ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. பிறகு ஒரு காலையில் வலி இல்லை. அன்றிலிருந்து இல்லை.

என்ன நடந்தது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து பிரியாணித் தட்டோடு நின்றவர்களிடம், "எனக்கே நின்னு போச்சு பாருங்களேன்" என்று சொன்னாள். தனபாக்கியம் ஆன்ட்டி, "கர்த்தர் உனக்கு நல்ல ஞானம் கொடுத்திருக்கார்" என்றார். அதற்குப் பிறகுதான் பாட்டில்கள் பெருகின. ஆராதனை முடிந்ததும் பார்க்கிங் லாட்டில் ஆட்கள் அவளைத் தேடி வந்து வாயைத் திறந்தார்கள். அவள் போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் கணவன் ஏசுராஜ், "உன் கிளினிக்குக்கு வாடகையே இல்ல, கூரையும் இல்ல" என்பான். அவளும் சிரிப்பாள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் ஸ்டெஃபியின் பிரஷ்ஷில் இந்தப் பசையை அவள் ஒருநாளும் வைத்ததில்லை. ஸ்டெஃபிக்குக் கடையில் வாங்கிய ஃப்ளோரைடு பேஸ்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங். அழைத்துப் போவது ஏசுராஜ். வருஷம் பதினைந்தாயிற்று, கிருபாராணி இந்த நாட்டில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறது. பயமும் இல்லை, ஊசியைக் கண்டு நடுங்குகிற ஆள் இல்லை அவள். காரணம் அந்த நாற்காலிதான். அதன் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இங்கே வந்த புதிதில், பல் மருத்துவ உரிமத்துக்கான முதல் பரீட்சையை எழுதித் தேறினாள். அப்புறம் ஸ்டெஃபி வயிற்றில். அப்புறம் வேலைக்கு அனுமதியில்லாத டிபெண்டென்ட் விசா. அப்புறம் மறுபடி இரண்டு வருஷம் காலேஜ் என்றபோது இரண்டு இடத்தில் இன்டர்வியூவோடு நின்றது. மூன்றாவது இடத்துக்கு அப்ளை பண்ணவில்லை. புத்தகங்கள் குளியலறைக்குப் பக்கத்து அலமாரியில், டவல்களுக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. யாரும் அவளைத் தடுக்கவில்லை. எந்த நாளில் கைவிட்டாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

டிசம்பர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தது. இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்: பல், கண், முழங்கால், தைக்க வேண்டிய பிளவுஸ், எல்லாம் இந்தியப் பயணத்துக்கு என்று ஒதுக்கி வைப்பது. மார்த்தாண்டத்தில் கூடப்படித்த ராஜராணி கிளினிக் வைத்திருக்கிறாள். "வந்த அன்னைக்கே உக்கார வச்சு முடிச்சிருதேன், நீ வா பிள்ளே" என்று சொல்லியிருந்தாள். ராஜராணியின் நாற்காலியில் உட்காரலாம். அங்கே எக்ஸ்ரேயை இரண்டு பேருமாகப் பிடித்துப் பார்த்துச் சண்டை போடலாம். உட்கார்ந்தாலும் பாதி டாக்டராக உட்காரலாம். எட்டு மாதமாக அவளைத் தாங்கியது கிராம்பு இல்லை, அந்த நினைப்பு.

அன்று மாலை ஏசுராஜ் வந்து லேப்டாப் பையைக்கூட இறக்கவில்லை.

"ராணி, விசா ஸ்டாம்பிங் அப்பாயின்ட்மென்ட்டத் தள்ளிட்டாங்க. ஏப்ரல்."

"ஏப்ரலா?"

"இப்ப போனா திரும்பி வர முடியாம ஊர்லயே மாட்டிக்குவோம். டிக்கெட்ட கேன்சல் பண்ணிரலாம். வேற என்ன பண்ண?"

ஊரில் அம்மா அப்பா காத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. கிருபாராணிக்கு முதலில் தோன்றியது அவர்கள் யாரும் இல்லை. நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போயிற்று. ஏப்ரல் வரைக்குமா?

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"சொல்லி என்ன. தோசை ஊத்தட்டா?"

ஸ்டெஃபி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பதினான்கு வயது. "ஸோ வீ ஆர் நாட் கோயிங்?"

"இல்ல மக்ளே."

"ஓகே" என்றாள். கொஞ்ச நேரம் கதவிலேயே நின்றுவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை. கிருபாராணி கண்ணாடியில் பார்த்தபோது வலது தாடைக்குக் கீழே ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. அவள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் கொப்பளித்தாள். துப்பட்டாவை எடுத்துக் குளிருக்குச் சுற்றுவதுபோல் கழுத்தில் சுற்றினாள். சப்பாத்தி மாவைப் பிசையத் தொடங்கினாள். விரல்களில் வலுவில்லை.

"அம்மா, லுக் அட் மீ."

"என்ன?"

"யுவர் ஃபேஸ்." ஸ்டெஃபி துப்பட்டாவை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "டாட்! டாடி!"

ஏசுராஜ் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தான். பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"இன்னைக்குத்தான் வீங்கியிருக்கு."

"பல்லு எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா? ஊருக்கே வைத்தியம் பாக்கற. நீ ஒரு டென்டிஸ்ட்டுடி!"

"இருந்தேன்" என்றாள் கிருபாராணி. அதற்கு மேல் பேச முடியவில்லை. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அதற்கும் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்: சீழ் தாடைத் தசைக்குப் பரவுகிறது. இனிக் காத்திருக்க முடியாது.

சனிக்கிழமை திறந்திருந்த ஒரு கிளினிக்கை ஸ்டெஃபியே போனில் தேடிப் பிடித்தாள். ஏசுராஜ் ஓட்டினான். அவர்களை வாசலில் இறக்கிவிட்டு அவன் பார்க்கிங் தேடப் போனான்.

உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை முகத்தில் மோதியது. கிராம்பின் வாசனை, கூடவே ஸ்பிரிட், ரப்பர் கையுறை. உலகத்தில் எங்கே போனாலும் பல் கிளினிக்குக்கு ஒரே வாசனை. பதினைந்து வருஷமாக அவள் தன் சமையலறையில் எதைக் குழைத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்டெஃபி அவளை உட்கார வைத்து, ரிசப்ஷனில் கொடுத்த டேப்லட்டை வாங்கி நிரப்பத் தொடங்கினாள்.

"டேட் ஆஃப் பர்த் ஐ நோ. அலர்ஜீஸ்?"

தலையை ஆட்டினாள்.

"ஆக்குபேஷன்?"

கிருபாராணி சுவரில் மாட்டியிருந்த மீன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெஃபி இன்னொரு தரம் கேட்கவில்லை. எதையோ தட்டினாள். டேப்லட்டைத் திருப்பிக் காட்டவும் இல்லை.

நாற்காலி சாய்ந்தது. விளக்கு முகத்தின்மேல் வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க விளக்கு இவ்வளவு பெரியதா? எத்தனை பேருடைய கண்ணில் இதை அடித்திருக்கிறோம், கண்ணை மூடிக்கோங்க என்று ஒருவரிடமாவது சொல்லியிருக்கிறோமா? டாக்டர் அதிதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஃப்ரீமான்டில் வளர்ந்தவளாம், "எனக்குத் தமிழ் கொஞ்சம் பிரோக்கன்தான் ஆன்ட்டி" என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஈறைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"இங்க ஒயிட்டா வெந்திருக்கு. என்ன வெச்சீங்க?"

"கிராம்பு எண்ணெய்."

"ம். எல்லாரும் வெக்கறாங்க." அவள் திட்டவில்லை. கண்ணாடிக் கருவியின் பின்பக்கத்தால் பல்லை மெதுவாகத் தட்டினாள். கிருபாராணியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. பிறகு பல்லுக்கு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, பஞ்சில் குளிர் மருந்தை அடித்துக்கொண்டு வந்தாள்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் கிருபாராணி. "ஜூலையிலேயே செத்துப் போச்சு."

அதிதி பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் கனிந்தன. "ஃபார்ம்ல பார்த்தேன். டென்டிஸ்ட்னு போட்டிருந்தது. இந்தியாவிலயா?"

கிருபாராணி கதவுப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே ஸ்டெஃபி போனைப் பார்த்தபடி, ஒரு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நீங்களே பாருங்க, டாக்டர்" என்று சொல்லி அதிதி எக்ஸ்ரே இருந்த திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதில் முளைப்பது. முதல் வருஷம் மெழுகுக் கட்டையில் பல் செதுக்கும்போது அவள் செதுக்கி நல்ல பெயர் வாங்கியதும் இதே பல்தான்: ஐந்து மேடு, இரண்டு வேர். திரையில் வேர்கள் இரண்டும் பிரியும் இடத்தில் எலும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. ஒரு வேரின் ஓரத்தில் நூல்போல் விரிசல். பார்க்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை. ராஜராணியாக இருந்தாலும் சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

இதை ஜூனில் பார்த்திருந்தால் ஒரு ரூட் கெனாலில் பல் தப்பியிருக்கும். ஜூலையில் பார்த்திருந்தாலும்கூட. இப்படி வருகிறவர்களிடம் அந்தக் காலத்தில் அவள் ஒரு வாக்கியம் சொல்வாள்: கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே. நல்ல நோக்கத்தோடுதான் சொல்வாள். அதிதி அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் அவள் காத்துக்கொண்டிருந்தது கிருபாராணிக்குக் கூச்சமாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது.

"எடுத்துடுங்க" என்றாள்.

முப்பது நிமிஷம். ஊசியில் விறைத்த தாடைக்குள் நடந்த ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது: இப்போது தளர்த்துகிறாள், இப்போது வெளிப்பக்கம் சாய்க்கிறாள், இப்போது திருகுகிறாள். நல்ல கை. அவசரப்படாத கை. அந்தக் கையின்மேல் பொறாமை வரும் என்று கிருபாராணி எதிர்பார்த்திருந்தாள். பொறாமைப்படவும் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

"பல்லு எனக்கு வேணும்" என்றாள், பஞ்சு வைப்பதற்கு முன்னால், குழறிய வாயோடு.

அதிதி கழுவி, சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற பல் வடிவ நீலப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "வேற டப்பா இல்ல, ஸாரி" என்று சிரித்தாள்.

ஏசுராஜ் மருந்து வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனான். காருக்குள் அம்மாவும் மகளும். கிருபாராணி டப்பாவைத் திறந்து பல்லை உள்ளங்கையில் கொட்டினாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் கையில் ஒரு பல். புரட்டினாள். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று, யாரும் குறை சொல்ல முடியாத பல். வேரில்தான் சீழ்ப் பை ஒட்டியிருந்தது.

"க்ராஸ்" என்றாள் ஸ்டெஃபி. ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. "இட்ஸ் பிக்கர் தேன் ஐ தாட்."

கிருபாராணி பல்லை டப்பா மூடியின்மேல் வைத்துப் படம் எடுத்தாள். துவாரகாவுக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. பஞ்சைக் கடித்திருந்ததால் அவளால் பேச முடியாது. ஸ்டெஃபி வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இது ஆற்ற பல்லு? என்ன நடந்தது?"

"ஆன்ட்டி, திஸ் இஸ் ஸ்டெஃபி. இது அம்மாவோட பல்."

"ஐயோ! அவவுக்கு நிண்டுட்டுது எண்டெல்லே சொன்னவ!"

கிருபாராணி பஞ்சுக்கு இடையில் முனகினாள். ஸ்டெஃபி குனிந்து கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துவைத்தாள். "அம்மா சொல்றாங்க, வலி நின்னா... நல்லது இல்ல. உள்ள செத்துப் போச்சு. மயூரன் அங்கிளுக்கும் அதேதான். ஜூலை வரைக்கும் வெயிட் பண்ணக் கூடாது. கிராம்பு சும்மா... நம்ப் பண்ணும். அவ்ளோதான்."

அந்தப் பக்கம் பின்னால் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு துவாரகாவின் குரல் மாறி வந்தது.

"அண்டைக்கு நான் வந்து சொல்லேக்க அக்காவுக்கு இது தெரியுமே?"

ஸ்டெஃபி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, ஷி இஸ் ஆஸ்கிங்..."

அவளுக்குக் கேட்டது. வாயில் பஞ்சு இருந்தது, பதில் சொல்லாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டால் ஸ்டெஃபியே ஏதாவது சொல்லிச் சமாளித்து போனை வைத்துவிடுவாள். கிருபாராணிக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது. பஞ்சை வெளியே எடுத்தாள். நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

"தெரியும் துவாரகா. தெரிஞ்சும் சொல்லல. நீ என்ன டாக்டரக்கான்னு சொன்னியா... அத விட மனசு வரல. தப்பு."

"அம்மா! யூ ஆர் ப்ளீடிங்! பைட் பண்ணுங்க!" ஸ்டெஃபி புதுப் பஞ்சைத் திணித்தாள்.

துவாரகா போனை வைத்துவிட்டாள் என்றுதான் கிருபாராணி நினைத்தாள்.

"நான் குரூப்பில எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே அக்கா" என்றாள் துவாரகா கடைசியில். குரலில் கோபம் இருந்தது. "இருபது பேர்."

கிருபாராணி தலையாட்டினாள். அது துவாரகாவுக்குத் தெரிய வழியில்லை. அந்த இருபது பேருக்கும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணித் தட்டோடு நிற்பவர்களுக்கும் அவளே சொல்லியாக வேண்டும். நாளைக்கே. முகம் இன்னும் வீங்கியிருக்கும். நல்லதுதான்.

"திங்கட்கிழமை எத்தினை மணிக்குத் திறப்பினம் அந்த இடத்தில?" துவாரகா கேட்டாள். "இவர் லேசில வரமாட்டார். நீங்கள் கூட வருவியளே?"

கிருபாராணி ஒன்பது விரல்களை விரித்துக் காட்டினாள்.

"நைன்" என்றாள் ஸ்டெஃபி. "வருவாங்க ஆன்ட்டி."